ஓடைக்குக் கட்டம் இல்லாத கணக்கு

உள்ளாட்சி மன்றக் கூட்டங்களின் பொருள் நிரலைப் படிக்கும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் உடைப்பு, கடை ஏலம் ஆகியவற்றுக்கு நடுவே, எவர் கண்ணையும் உறுத்தாத இடத்தில் ஒரு பொருள் வந்து அமர்ந்திருக்கும். இன்ன கிராமம், இன்ன புல எண், இத்தனை ஏக்கர் நிலத்தை வேளாண் உபயோகத்திலிருந்து குடியிருப்பு அல்லது வணிக உபயோகத்துக்கு மாற்றித் தரக் கோரும் மனு அது. 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது' என்ற வழக்கமான தொடரோடு முடியும். தெருவிளக்குக்காக அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கும். நிலத்தின் தலையெழுத்தை மாற்றும் இந்தப் பொருளோ பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில், ஏகமனதாக நிறைவேறிவிடும்.

இதை உறுப்பினர்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் முன் வைக்கப்படும் தாளில் விவாதிப்பதற்கு எதுவுமே இல்லை என்பதுதான் உண்மை. புல எண் இருக்கிறது, பரப்பு இருக்கிறது, மனுதாரர் பெயர் இருக்கிறது. அந்த நிலத்தில் இப்போது என்ன நடக்கிறது, அதன் வழியாக எது எங்கே போகிறது என்பது இல்லை. நில உபயோக மாற்றம் பற்றிய விவாதம், அதற்கு அடிப்படையான நிலக் கணக்கு எவ்வளவு உண்மையோ அவ்வளவுக்குத்தான் பொருளுள்ளதாக இருக்க முடியும். இதைப் புரிந்துகொள்ள நான் கண்டவரையில் குற்றாலத்து ஐந்தருவிச் சாலையைவிட நல்ல இடம் இல்லை.

பேரருவியிலிருந்து ஐந்தருவிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். வழியில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சாறல் காலத்தில் குளம் நிரம்பியதும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் அதில் இறங்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது படகுக் குழாம். ஆனால் பெயரிலேயே 'மடை' இருக்கிறது. பாசனத்துக்காக நீரைத் திறந்துவிடும் வழி அது. ஐந்தருவிக்கு மேலே இருப்பது பழத்தோட்ட அருவி. அரசுத் தோட்டக்கலைப் பண்ணையை ஒட்டி விழுவதால் வந்த பெயர். இந்தச் சரிவுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். ஆகவே இங்கே நிலத்தின் பயன் மாறுவது புதிதல்ல. மாறியதை மக்கள் பெயராக எழுதி வைத்துக்கொண்டார்கள். அரசு பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டது.

அந்தப் பதிவேடுகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, மண்ணின் வகை, பாசன ஆதாரம், பரப்பு, தீர்வை, உடைமையாளர் என்று கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கும். இதற்குத் துணையாக அடங்கல். ஒவ்வொரு பசலி ஆண்டும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நின்றது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டிய கணக்கு அது. மூன்றாவது, ஒவ்வொரு புலத்துக்கும் வரையப்பட்ட புலப்படம். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் இந்தக் கணக்குகள் பெருமளவில் திருத்தி எழுதப்பட்டன. அதில் நுழைந்த பிழைகளைத் திருத்தக் கோரி இன்றும் வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவர்களைக் காணலாம். 'யூ.டி.ஆர். தவறு' என்ற சொல் நம் கிராமங்களில் புழங்குவது சும்மா அல்ல.

இவை வரி வாங்குவதற்காக உருவான கணக்குகள். நகரமைப்புக்காக உருவானது வேறு. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971, திட்டக் குழுமத்தின் தொடக்கப் பணிகளில் ஒன்றாகத் தற்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. அதன் மேல்தான் முழுமைத் திட்டம் எழுப்பப்படும். குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், வேளாண்மை பச்சை என்று வண்ணம் பூசிய அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்போம். பச்சையை மஞ்சளாக்குவதைப் பற்றித்தான் மன்றங்களிலும் நாளிதழ்களிலும் சண்டை நடக்கிறது. பச்சை என்று முதலில் எழுதியது சரியா, அந்தப் பச்சைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இக்காலத்தில் இப்படத்துக்குச் செயற்கைக்கோள் படங்கள் பெரிதும் உதவுகின்றன. அவற்றின் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குற்றாலத்தில் ஒரு சிக்கல் உண்டு. மேகமில்லாத நாளில் எடுத்த படம்தான் தெளிவாக இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து மலையடிவாரம் முழுவதையும் சாறலில் மூடிவிடுகிறது. தெளிவான படம் வேண்டுமென்றால் கோடையில் எடுத்ததைத்தான் நாட வேண்டும். கோடையில் இங்குள்ள ஓடைகள் எப்படி இருக்கும்? கல்லும் புதரும் கிடக்கும் பள்ளங்களாக. வானத்திலிருந்து பார்த்தால் தரிசு. காகிதத்தில் எழுதினால் 'பயன்பாடற்ற நிலம்'. எந்த மாதங்களுக்காக இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்திருக்கிறதோ, அந்த மாதங்களில் நிலம் என்ன செய்கிறது என்பதைக் கணக்கெடுக்கும் கண் பார்ப்பதில்லை.

பழைய வருவாய்க் கணக்கு இதைவிடக் கொஞ்சம் மேல். பெரிய ஓடைகளுக்குத் தனிப் புல எண் கொடுத்து ஓடைப் புறம்போக்கு என்று எழுதினார்கள். பட்டா நிலத்துக்கு ஊடாகச் செல்லும் சிறு வாய்க்காலைச் சில புலப்படங்களில் கோடாகக் காட்டியிருப்பார்கள். சிலவற்றில் அதுவும் இல்லை. 'அ' பதிவேட்டில் பாசன ஆதாரத்துக்குக் கட்டம் உண்டு. நீர் எங்கிருந்து வருகிறது என்பது வரிக்குத் தேவைப்பட்டது. இந்த நிலத்தைக் கடந்து யாருக்குப் போகிறது என்பது தேவைப்படவில்லை. அதற்குக் கட்டமும் இல்லை. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் வண்ணம் பூசும்போது புலப்படத்தின் அந்த மெல்லிய கோடும் பெரும்பாலும் வண்ணத்துக்குள் மறைந்துபோகிறது.

இந்தக் கோடு ஏன் முக்கியம் என்பதை நெல்லைச் சீமை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. கார், பிசானம் என்ற இரு பருவங்களில் கார் சாகுபடி தென்மேற்குப் பருவ மழையை நம்பியது. அதாவது குற்றாலச் 'சீசனும்' கார் பருவமும் ஒரே மாதங்கள், ஒரே தண்ணீர். ஐந்தருவியில் குளித்தவர்களின் தலையில் விழுந்த நீர், பாறையைவிட்டு இறங்கிச் சிற்றாற்றோடு கலந்து, வழியிலுள்ள அணைக்கட்டுகளில் வாய்க்கால்களாகப் பிரிந்து, குளங்களை நிரப்பி, எஞ்சியது சீவலப்பேரி அருகே தாமிரவருணியைச் சேர்கிறது. அருவி என்பது இந்த நீண்ட பயணத்தில் நாம் நின்று வேடிக்கை பார்க்கும் ஓர் இடம், அவ்வளவுதான்.

2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன் வந்த பொதுநல வழக்கு இந்தக் குறைபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குற்றாலத்தைச் சுற்றியுள்ள சில தனியார் விடுதிகள் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பி, தங்கள் வளாகத்துக்குள் விருந்தினர்களுக்கெனச் செயற்கை அருவிகளை அமைத்திருக்கின்றன என்பது புகார். நீதிமன்றம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. மலை மாவட்டங்களில் இத்தகைய அருவிகளைக் கண்டறியவும், தவறு செய்த விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. அச்செய்தியைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி வேறு. நீரைத் திருப்பியது தவறு, சரி. அந்த நீர் முன்பு எந்த வழியே போனது என்று காட்டும் ஆவணம் அரசிடம் ஆயத்தமாக இருந்திருந்தால், ஒரு குடிமகன் நீதிமன்றப் படியேற வேண்டிய தேவை வந்திருக்குமா? கட்டட அனுமதிக் கோப்பிலேயே அது தடைபட்டிருக்காதா?

சட்டம் இதில் ஊமையாகவும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், இயற்கை ஓடையை ஒட்டிய நிலத்துக்காரர் குடிக்கவும் வீட்டுக்கும் கால்நடைக்கும் அந்நீரைப் பயன்படுத்தலாம், பாசனத்துக்கும் எடுக்கலாம், ஆனால் அப்படிப் பாசனத்துக்கு எடுப்பதால் ஓடையை ஒட்டிய மற்றவர்களுக்குக் கணிசமான கேடு விளையக் கூடாது என்கிறது. இயற்கையான கால்வாய்களில் ஓடும் ஆறுகள், ஓடைகளின் நீரைத் தேக்கவும் பகிரவும் ஒழுங்குபடுத்தவும் அரசுக்கு உள்ள உரிமையையும் அது தொடாமல் விட்டுவைத்திருக்கிறது. பட்டா என்பது நிலத்துக்கு. அதன் மேல் ஓடும் நீருக்கு அல்ல. நீர்நிலை ஆக்கிரமிப்பு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் அளித்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் பொது நீர்நிலைகளைக் காக்க ஆயுதம் தந்தன. ஆனால் அந்த ஆயுதங்கள் எல்லாம் பதிவேட்டில் 'நீர்நிலை' என்று எழுதப்பட்ட இடத்துக்கே எளிதில் பாயும். எழுதப்படாத ஓடைக்காக வாதாடுபவர், அது ஓடைதான் என்று முதலில் நிரூபித்தாக வேண்டும்.

இனி, உபயோக மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுமைத் திட்டம் நடப்பில் உள்ள பகுதியில் வண்ணத்தை மாற்ற வேண்டுமானால் 1971 சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி திட்டத்தையே திருத்த வேண்டும். திட்டம் இல்லாத பகுதியில் 47-அ பிரிவும், அதற்காக 2017-இல் வகுத்த விதிகளும் பொருந்தும். வேளாண் துறையின் கருத்து, வருவாய்த் துறை அறிக்கை, நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் என்று கோப்பு பல மேசைகளைக் கடக்கும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலிலுள்ள கிராமமானால் 1990 முதல் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. இதில் உள்ளாட்சியின் தீர்மானம் ஒரு படி மட்டுமே. அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை நகரமைப்பையும் நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையையும் முதல் இரண்டு இனங்களாக நகராட்சிகளுக்குரிய பட்டியலில் வைத்திருந்தாலும், நடைமுறையில் மன்றத்தின் கையில் இருப்பது பரிந்துரைக்கும் பேனா மட்டும்தான். தன் சொல்லுக்கு எடை குறைவு என்று தெரிந்தவர், சொல்வதற்கு முன் அதிகம் யோசிக்கமாட்டார். ஒரு நிமிடத் தீர்மானங்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல், எல்லைகள். ஐந்தருவியைச் சுற்றி இறங்கும் நீர் குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பேரூராட்சிகள், ஆயிரப்பேரி, வல்லம் போன்ற ஊராட்சிகள், தென்காசி நகராட்சி என்று அடுத்தடுத்த உள்ளாட்சிகள் நெருங்கிக் கிடக்கும் நிலத்தில் ஓடுகிறது. மேலே 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயம். அது வனத் துறையின் ஆளுகை. மேலேயுள்ள மன்றம் ஒரு புல எண்ணுக்குச் சம்மதம் தரும்போது கீழேயுள்ள மன்றத்துக்குத் தகவல் கூடப் போக வேண்டியதில்லை. கீழே இருப்பவர் குளம் நிரம்பாத ஆண்டில்தான் அதை அறிவார்.

நிலத்தை மாற்றக் கேட்பவர்களை எல்லாம் குற்றவாளிகளாகக் காட்டும் எழுத்தில் எனக்கு உடன்பாடில்லை. இலஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், இரண்டு ஏக்கர் நன்செயை வைத்துக்கொண்டு ஆள்கூலி கொடுத்து, உரம் வாங்கி, நெல் விற்று மிஞ்சுவது எவ்வளவு என்று என்னிடமே கணக்குப் போட்டுக் காட்டினார். பக்கத்து நிலம் மனையாகிச் சென்ட் கணக்கில் விலைபோகும்போது, அவர் மட்டும் ஊருக்காகப் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்பது? சீசனில் அறை வாடகைக்கு விடுபவர், வேன் ஓட்டுபவர், ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறுகட்டி விற்பவர் ஆகியோருக்கெல்லாம் விடுதிகள் வருவதால் பிழைப்பு நடக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு அலுவலகங்களும் அவற்றைச் சார்ந்த வீடுகளும் பெருகுவதைத் தவிர்க்கவும் முடியாது. வீடு கட்ட இடம் வேண்டும். அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எனவே கேள்வி, மாற்றலாமா கூடாதா என்பதல்ல. எந்த நிலத்தை மாற்றினால் கீழே இருப்பவருக்குக் கேடில்லை என்பது. அதற்கு விடை மனுவில் இருக்காது. கணக்கில்தான் இருக்க முடியும்.

இந்த வரிசையைச் சட்டமாகவே ஆக்கிய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973-இல் இயற்றிய நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் வழியில், நகரங்கள் தம் வளர்ச்சி எல்லையை விரிப்பதற்கு முன் கட்டடம் கட்டத்தக்க நிலம் எவ்வளவு என்று கணக்கெடுத்துக் காட்ட வேண்டும். செங்குத்துச் சரிவு, வெள்ளம் பாயும் தடம், ஓடைக்கரை போன்றவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே கட்டத்தக்க நிலம். கணக்குக்குப் பிறகுதான் வண்ணம். அங்கும் வீட்டு விலை ஏறிவிட்டது என்ற குறைகூறல் ஓயவில்லை. ஒவ்வொரு எல்லை விரிவுக்கும் மன்றங்களில் மல்லுக்கட்டு நடக்கிறது. ஆனால் அந்த மல்லுக்கட்டு எண்களின் மீது நடக்கிறது. நம்மிடம் அது ஆட்களின் மீது நடக்கிறது: மனுதாரர் யாருடைய உறவினர், எந்தக் கட்சி என்பதிலேயே விவாதம் தொடங்கி முடிந்துவிடுகிறது.

நாட்டின் அளவிலும் இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இலும், கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2013-இலும் அறிக்கை தந்தன. 2014 முதல் மத்திய அரசு வரைவு அறிவிக்கையை மீண்டும் மீண்டும் வெளியிட்டுவருகிறது. 2024 ஜூலை 31 அன்று வந்த வரைவு, ஆறு மாநிலங்களில் 56,825 சதுர கிலோமீட்டரைச் சூழல் கூருணர்வுப் பகுதியாகக் குறித்தது. தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். வயநாட்டில் மலை சரிந்ததற்கு மறுநாள் அது. வரைவுக்கு எதிராக மாநிலங்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் ஒன்று, கிராமங்களின் பட்டியலும் எல்லையும் களத்தோடு பொருந்தவில்லை என்பது. அதில் உண்மை இருக்கிறது. களத்தோடு பொருந்தும் கணக்கை நாம் கீழிருந்து ஏன் தயாரித்துத் தரவில்லை என்ற கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்வதில்லை.

அதே 2024-இல், மே 17 அன்று, பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. சீசன் தொடங்கும் முன்பே, கோடை மழையில் வந்த வெள்ளம். இதற்கும் விடுதிகளுக்கும் முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. அந்த நீர் காட்டிலிருந்து வந்தது. ஆனால் அன்று சில நிமிடங்களில் நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்தருவிச் சாலையோரத்து வறண்ட பள்ளங்களைப் பார்த்தால், 'பயன்பாடற்ற நிலம்' என்ற சொல் நெஞ்சில் குத்துகிறது. ஆண்டில் பத்து மாதம் சும்மா கிடப்பதுபோல் தோன்றும் அந்தப் பள்ளத்தின் பயன், மீதி நாள்களில் வரும் நீருக்கு வழிவிடுவது. அதில் மண்ணைக் கொட்டிச் சமன் செய்து மனை பிரித்தால் நீர் நின்றுவிடாது. வேறு யாருடைய வாசல் வழியாகவாவது போகும்.

ஆகவே மன்றங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. பெரிய செலவும் இல்லாதது. ஒரு சாறல் பருவத்தில், ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ, பேரூராட்சி, ஊராட்சி உறுப்பினர்களும் கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் வனக் காவலரும் புலப்படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தருவியிலிருந்து கீழ்நோக்கி நடக்கட்டும். நீர் ஓடுகிற ஒவ்வொரு இடத்தையும், அது பட்டா நிலமானாலும் சரி, புறம்போக்கானாலும் சரி, படத்தில் குறிக்கட்டும். குளத்து மடைகளை அறிந்த பழைய விவசாயிகளையும் மடை காத்தவர்களையும் உடன் அழைத்துச் செல்லட்டும். எந்த ஆண்டு எந்த வாய்க்கால் திசைமாறியது என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. குறித்த படத்தை அனைத்து உள்ளாட்சிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி, கிராம சபையில் வாசித்து, பிழை இருந்தால் திருத்தி, தீர்மானமாக நிறைவேற்றட்டும். பட்டா நிலத்தில் ஓடை குறிக்கப்பட்டவருக்கு அந்தப் பட்டையின் அகலத்துக்கு என்ன ஈடு, மீதி நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதையும் அப்போதே பேச வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடையில் கோடு அழிக்கப்பட்டிருக்கும்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபங்களைச் சொல்லச் சட்டம் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தருகிறது. கோயம்புத்தூரின் புதிய முழுமைத் திட்ட வரைவு 2024 பிப்ரவரியில் வெளியானபோது, அதற்கு முந்தைய திட்டம் 1994-ஐச் சேர்ந்தது. முப்பது ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் அந்த இரண்டு மாதங்களில், தன் நிலத்துக்கு என்ன வண்ணம் என்று தேடாதவர் இல்லை. நீர் போகும் வழிக்கு என்ன வண்ணம் என்று கேட்டு எத்தனை மனுக்கள் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம் அப்படி ஒரு வரைவு வரும் நாளில், சாறலில் நனைந்த ஒரு புலப்படமாவது ஆட்சேப மனுவோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.